தமிழா, கிரியோலா? மொரீஷியஸ் பள்ளிகளில் ஒரு பாடவேளை எழுப்பும் கேள்வி

மொரீஷியஸின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் மொழிப் பாடவேளைக்கு மணி அடித்ததும் வகுப்பறை கலைகிறது. அதுவரை ஒரே அறையில் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் நோட்டுகளை எடுத்துக்கொண்டு பல பக்கமாகப் போகிறார்கள். பெரிய கூட்டம் இந்திக்கு. சிலர் உருதுக்கு, சிலர் தெலுங்குக்கும் மராத்திக்கும். அரபும் சீன மாண்டரினும் கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. தமிழுக்குச் சில பள்ளிகளில் ஒரு வகுப்பே நிறையும், சில பள்ளிகளில் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். மீதிப் பிள்ளைகள் தீவின் பொதுப் பேச்சுமொழியான கிரியோலைப் படிக்கிறார்கள். பாடவேளை முடிந்ததும் எல்லாரும் திரும்பி வந்து பழையபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் தமிழர்களுக்கு இந்தக் காட்சி மிகவும் பிடிக்கும். பிடிக்கத்தான் வேண்டும். சென்னை மாநகரின் ஒரு மூலையில் அடங்கிவிடும் மக்கள்தொகை, 12 லட்சத்துச் சொச்சம். அந்தச் சிறிய நாடு இத்தனை மொழிகளுக்கும் அரசுச் சம்பளத்தில் ஆசிரியர்களை வைத்திருக்கிறது. ஆரம்பப் பள்ளிப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் நீங்கலாக, அரசுப் பள்ளியில் தமிழை வழக்கமான பாடமாக வைத்திருக்கும் நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்காக இந்தத் தீவுக்கு, இங்கே வாழும் தமிழர்களான நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தப் பாடவேளை அமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. தமிழ் படிக்கும் பிள்ளைக்குக் கிரியோல் படிக்க இடமில்லை. கிரியோல் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் படிக்க இடமில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் பேசுவதோ கிரியோல். இந்த ஏற்பாடு எப்படி வந்தது, இதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதைப் புரிந்துகொள்ள மூன்று நூற்றாண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

யாருடைய மொழி எங்கே நின்றது

1715இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தீவைக் கைப்பற்றினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே, துறைமுக நகரமான போர்ட் லூயிஸைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். இந்தத் தீவுக்கு முதலில் வந்த தமிழர்களில் அந்தக் கொத்தனார்களும் தச்சர்களும் உண்டு. கரும்புத் தோட்டக் கூலிகளாகத்தான் நாங்கள் இங்கு வந்தோம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே தமிழ் இங்கு கேட்டிருக்கிறது.

தோட்டங்களிலும் துறைமுகத்திலும் பேச்சு வழக்கில் பிறந்தது கிரியோல். சொற்களில் பெரும்பாலானவை பிரெஞ்சிலிருந்து வந்தவை, இலக்கணம் தனி. 1810இல் ஆங்கிலேயர் தீவைப் பிடித்தபோது பிரெஞ்சுக் குடியேறிகளின் சட்டத்தையும் மதத்தையும் பழக்கவழக்கங்களையும் மதிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். அதனால் நிர்வாகம் ஆங்கிலத்துக்குப் போயிற்று, சமூகத்தின் மேல்தட்டு பிரெஞ்சிலேயே இருந்தது. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாக வந்திறங்கினார்கள். கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர். அவர்கள் ஏறிய துறைமுகப் படிகள் ஆப்பிரவாசி காட் என்ற பெயரில் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. போஜ்புரியும் தமிழும் தெலுங்கும் மராத்தியும் தோட்டக் குடியிருப்புகளில் சில தலைமுறைகள் வாழ்ந்தன. பிறகு வீட்டுக்குள்ளும் கிரியோல் வந்தது. இன்று பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வீட்டில் பேசுவது அதைத்தான். தமிழை வீட்டு மொழியாகக் கொண்டவர்கள் மிகச் சிலர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

ஆனால் தமிழர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் என்ற கேள்விக்கு "தமிழ்" என்று பதில் எழுதுகிறவர்கள் மொத்த மக்களில் ஏறக்குறைய ஆறு விழுக்காடு. இந்து என்ற பொதுப் பெயருக்குள் கரைய விரும்பாத ஒரு சமூகம் தன் மொழியின் பெயரையே சமயத்தின் பெயராக வைத்துக்கொண்டது. பள்ளியில் தமிழ்ப் பாடம் ஏன் இவ்வளவு உணர்ச்சிக்குரியதாக இருக்கிறது என்பதற்கு இதுவே விளக்கம். 1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எழுத்து இந்திக்குக் கீழே தள்ளப்பட்டபோது தமிழர்கள் தெருவில் இறங்கினார்கள். மத்திய வங்கி நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படி ஆங்கிலம், தமிழ், இந்தி என்றே மறுபடி அச்சடித்தது. வீட்டில் கிரியோல் பேசும் மக்கள் ஒரு நோட்டில் இருக்கும் தமிழ் வரிக்காகப் போராடி வென்றார்கள். அந்தப் பிடிப்பை நான் மதிக்கிறேன். கீழே சொல்லப்போகும் எதுவும் அதற்கு எதிரானது இல்லை.

பாடநூல் ஒரு மொழி, விளக்கம் ஒரு மொழி

1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதிகள் இன்றும் அடித்தளமாக இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு வரை, பிள்ளைகளுக்கு எது பொருத்தமானது என்று அமைச்சர் கருதுகிறாரோ அந்த மொழியில் பாடம் நடத்தலாம். நான்காம் வகுப்பிலிருந்து பயிற்றுமொழி ஆங்கிலம். காகிதத்தில் இருப்பது இது. நடைமுறையில் முதல் வகுப்பிலேயே கணக்குப் புத்தகமும் அறிவியல் புத்தகமும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. முதல் நாளிலிருந்தே பிரெஞ்சும் ஒரு பாடம். ஆக, ஐந்து வயதுப் பிள்ளை தன் வீட்டில் யாரும் பேசாத ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தொடங்குகிறது. கூடவே தெருவில் அரைகுறையாகக் கேட்கும் இன்னொரு மொழி. அதற்கு மேல் மூன்றாவதாகத் தமிழோ இந்தியோ, வேறோர் எழுத்து முறையோடு.

ஆசிரியர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது இங்கே படித்த எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்பில் நீர் ஆவியாவதைப் பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கிரியோலில் விளக்குகிறார். வகுப்பு உயிரோடு இருக்கிறது. கொடியில் துணி காய்வதைப் பற்றி ஒருத்தி சொல்கிறாள். உப்பளத்தைப் பற்றி இன்னொருவன் சொல்கிறான், ஏனென்றால் அவன் மாமா தாமரெனில் உப்பளத்தில் வேலை செய்திருக்கிறார். எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இனி விடை எழுத வேண்டும், ஆங்கிலத்தில். அங்கே வகுப்பு அடங்கிவிடுகிறது. கரும்பலகையில் ஆசிரியர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள், மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் கேள்வி கொஞ்சம் மாற்றிக் கேட்கப்பட்டால், ஆவியாதல் தெரிந்த பிள்ளைக்கும் மதிப்பெண் கிடைக்காது. உப்பளத்தைப் பற்றிப் பேசியவனின் அறிவு அந்த விடைத்தாளில் எங்கும் பதிவாவதில்லை.

குழந்தைக்குத் தெரிந்த மொழியில் படிப்பைத் தொடங்குவதே நல்லது என்று யுனெஸ்கோ 1953லேயே வலியுறுத்தியது. அப்போது மொரீஷியஸ் பிரிட்டிஷ் குடியேற்ற நாடு. 1968 மார்ச் 12 அன்று விடுதலை வந்தது. இன்றும் ஒவ்வொரு மார்ச் மாதமும் பள்ளி முற்றங்களில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை வண்ணக் கொடியை ஏற்றி, தேசிய கீதத்தைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாடுகிறார்கள்.

ஏன் மாறவில்லை? ஆங்கிலத்தை யாரும் வீட்டில் பேசுவதில்லை என்பதே அதற்குப் பலமாக அமைந்துவிட்டது. அது எந்த ஒரு சமூகத்துக்கும் சொந்தமில்லாத மொழி. பிரெஞ்சு என்றால் வெள்ளையர்களுக்கும் கலப்பின மேல்தட்டுக்கும் சாதகம் என்ற ஐயம். இந்தி என்றால் பெரும்பான்மைக்குச் சாதகம் என்ற ஐயம். கிரியோல் எல்லாரும் பேசுவது, ஆனால் அது ஆப்பிரிக்க வம்சாவளி மக்களின் மொழி என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது. படித்த தமிழ், இந்திக் குடும்பங்கள் பலவும் அதைப் பேச்சுக் கொச்சை என்றே கருதின. தங்கள் பிள்ளை காலையிலிருந்து இரவு வரை பேசும் மொழியைப் பற்றி அவர்களே அப்படிச் சொன்னார்கள் என்பது எனக்கு எப்போதும் வேதனை தருகிறது.

பதினொரு வயதில் ஒரு தேர்வு

மொழிச் சிக்கல் இவ்வளவு கூர்மையாவதற்குக் காரணம் தேர்வு. 1975 மே 20 அன்று கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தலைநகரை நோக்கி நடந்தார்கள். இங்கே கல்லூரி என்றால் உயர்நிலைப் பள்ளி. வசதியான சில அரசுக் கல்லூரிகளுக்கும் கட்டணம் வாங்கும் ஏராளமான தனியார் கல்லூரிகளுக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வை எதிர்த்த போராட்டம் அது. கிராந் ரிவியேர் பாலத்தருகே போலீசார் கண்ணீர்ப்புகை வீசித் தடுத்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்தலில் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆயிற்று. 1977 முதல் உயர்நிலைக் கல்வி இலவசமாயிற்று. இந்த நாட்டின் பள்ளி வரலாற்றில் மாணவர்கள் தாங்களே வென்றெடுத்த மிகப் பெரிய மாற்றம் இதுதான்.

கட்டணம் போனது, நல்ல கல்லூரிகளின் எண்ணிக்கை கூடவில்லை. யாருக்கு இடம் என்பதை 1980இல் வந்த ஆரம்பக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு முடிவு செய்தது. ஆறாம் வகுப்பு முடிவில், பதினொரு வயதில். தரவரிசையில் மேலே வந்தவர்களுக்குக் க்யூர்பிப் ராயல் கல்லூரி, ரோஸ் ஹில்லில் இருக்கும் குவீன் எலிசபெத் கல்லூரி போன்ற இடங்கள். பல ஆண்டுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளை இந்தத் தேர்வில் தோற்றது. மறுமுறையும் தோற்றால் தொழிற்கல்விக்கு முந்தைய பிரிவு என்ற பெயரில் ஒரு பக்கவழி. அந்த வழியில் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

டியூஷன் இங்கே ஒரு தனிக் கல்வி அமைப்பாகவே வளர்ந்தது இதனால்தான். பள்ளி விட்டதும் டியூஷன், சனிக்கிழமை காலை டியூஷன், பெரும்பாலும் அதே ஆசிரியரிடம். சிறு வகுப்புகளுக்கு அரசு தடை போட்டது, 2011இல் அந்தத் தடையை நான்காம் வகுப்பு வரை நீட்டியது. அதற்கு மேலே இன்றும் டியூஷனுக்குப் போகாத பிள்ளையைத் தேடிப்பிடிக்க வேண்டும். பள்ளி இறுதித் தேர்வுகளைக் கேம்பிரிட்ஜோடு சேர்ந்து நடத்துகிறார்கள். அதில் உச்சியில் வருபவர்கள் அரசுச் செலவில் வெளிநாடு போய்ப் படிக்கிறார்கள். அவர்கள் பெயர் அறிவிக்கப்படும் நாளில் கல்லூரி முற்றத்தில் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். சிற்றூர்க் கரும்புத் தொழிலாளியின் பேரன் அப்படி மருத்துவரான கதைகள் உண்மையானவை, தமிழர்களிலும் நிறைய. இந்தக் கதைகளால்தான் பெற்றோர் இந்த முறையை இன்னமும் நம்புகிறார்கள்.

மறுபக்கம், போர்ட் லூயிஸின் ஓரத்தில் ரோஷ் புவா போன்ற குடியிருப்புகளும் கடலோர மீனவர் சிற்றூர்களும் இருக்கின்றன. அங்கே தேர்ச்சி வீதம் ஆண்டுக்கு ஆண்டு அடிமட்டத்தில் கிடந்தது. 1999 பிப்ரவரியில் காயா என்ற பாடகர் போலீஸ் காவலில் இறந்தபோது அந்தப் பகுதிகளிலிருந்து வெடித்த கோபம் தீவையே உலுக்கியது. ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் எவ்வளவு தூரம் ஒதுக்கப்பட்டிருக்கிறார்கள் என்பதை யாரும் அதன் பிறகு மறுக்க முடியவில்லை. 2003இல், தொடர்ந்து நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே தேர்ச்சி பெற்ற பள்ளிகள் முன்னுரிமைக் கல்வி மண்டலங்களாக அறிவிக்கப்பட்டு, அவற்றுக்குக் கூடுதல் உதவி வழங்கப்பட்டது.

2016இல் பழைய தேர்வு கடைசி முறையாக நடந்தது. அடுத்த ஆண்டு முதல் ஒன்பது ஆண்டுத் தொடர் அடிப்படைக் கல்வி. ஆறாம் வகுப்பில் இப்போதும் ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஆனால் உயர்ந்த கல்லூரிகளுக்கான போட்டி ஒன்பதாம் வகுப்புத் தேர்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அந்தப் பழைய பெருமைமிகு கல்லூரிகளில் சில, ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் அகாடமிகளாக மாறின. மொத்தம் 12 அகாடமிகள். போட்டி மூன்று ஆண்டுகள் தள்ளிப்போனது நல்லதுதான். பாடநூல் மொழி மட்டும் அப்படியே இருக்கிறது, அதனால் யார் மேலே வருகிறார்கள் என்பதும் பெரிதாக மாறவில்லை.

1995: மொழிப் பாடத்துக்காகக் கவிழ்ந்த அரசு

தமிழ்ப் பாடம் இந்தப் போட்டிக்குள் எப்படி இழுக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஆரம்பத் தேர்வில் தமிழ், இந்தி, உருது போன்றவற்றை எழுதலாம், ஆனால் தரவரிசைக்கு அவை கணக்கில் வராது. ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, சுற்றுச்சூழல் பாடம் மட்டுமே கணக்கு. எங்கள் பிள்ளைகள் ஆறு ஆண்டுகள் படித்த மொழிக்கு மதிப்பில்லையா என்று ஆசிய மொழிக் குழுக்கள் கேட்டன. நியாயமான கேள்வி. ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் வேறு கேள்வி கேட்டன: எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பாடவேளையில் எந்த மொழியும் தரப்படவில்லை, பிறகு அந்த மதிப்பெண்ணுக்கு நாங்கள் எங்கே போவது? அதுவும் நியாயமான கேள்வி.

அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் ஒரு தமிழர். 1983 முதல் 1995 வரை அந்தப் பொறுப்பில் இருந்த ஆறுமுகம் பரசுராமன். 1995 நவம்பரில் பிரதமர் அனிருத் ஜகந்நாத்தின் அரசு, இந்த மொழிகளைத் தரவரிசையில் சேர்ப்பதற்காக அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாடாளுமன்றத்தில் அது தோற்றது. நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பரில் நடந்த தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி, தீவின் 60 இடங்களையும் வென்றது. பதினொரு வயதுப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியைச் சேர்க்கும் முயற்சி ஓர் அரசின் முடிவுக்கு வழிவிட்ட நாடு வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அதே வழக்காடும் மனநிலை கத்தோலிக்கக் கல்லூரிகள் விஷயத்திலும் வந்தது. அரசு மானியத்தில் நடக்கும் அவை பாதி இடங்களைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி வந்தன. 2004இல், மொரீஷியஸின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் அந்த ஒதுக்கீடு அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. இந்தியர்கள் பலருக்கு அது வெற்றி. தம் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பிடிமானமும் போயிற்று என்று கத்தோலிக்கர்களான ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் குடும்பங்கள் பல நினைத்தன.

அதன் பிறகுதான் கிரியோலைப் பாடமாக்கும் கோரிக்கை வலுத்தது. 2010இல் கிரியோல் அகாடமி அமைக்கப்பட்டது. எழுத்துமுறை வரையறுக்கப்பட்டது. 2012இல் முதல் வகுப்பில் கிரியோல் விருப்பப் பாடமாக வந்தது. 2017இல் அந்த முதல் அணி ஆறாம் வகுப்புத் தேர்வை எழுதியது, அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்தது. காலந்தாழ்ந்து வந்தாலும் நீதி.

ஆனால் அது வந்த இடத்தைப் பாருங்கள். தமிழ், இந்தி, உருது நடக்கும் அதே பாடவேளை, அவற்றுக்கு மாற்றாக. ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு மூதாதையர் மொழி என்ற பட்டியலில் கிரியோலும் ஒரு சமூகத்தின் மூதாதையர் மொழியாகச் சேர்க்கப்பட்டது. எல்லாரும் பேசும் மொழியை ஒரு பிரிவினருக்கு மட்டும் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இப்படித்தான் உருவானது. சட்டப்படி எந்தப் பிள்ளையும் எதையும் தேர்ந்தெடுக்கலாம். நடைமுறையில் முதல் வகுப்புச் சேர்க்கையின்போது பிள்ளையின் குடும்பப் பெயரே அதைத் தீர்மானித்துவிடுகிறது.

தமிழ் வகுப்புக்குள்

இனி எங்கள் வகுப்பறைக்கு வருவோம். தமிழ்ப் பாடநூல்களை உருவாக்குவது மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி நிறுவனம். 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய அந்த நிறுவனத்தில்தான் தமிழ் ஆசிரியர்கள் பயில்கிறார்கள், தமிழில் பட்டமும் பெறலாம். கோயில்களை ஒட்டி மாலை நேர, வார இறுதித் தமிழ் வகுப்புகளும் நடக்கின்றன. உழைப்புக்குக் குறைவில்லை.

பிள்ளைகள் தமிழைக் கேட்காமல் வளர்வதில்லை. தேவாரமும் திருப்புகழும் கோயிலில் கேட்கிறார்கள். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. பள்ளி ஆண்டு தொடங்கும் சனவரியை ஒட்டியே அது வருவதால், புதுச் சீருடையோடு பத்து நாள் விரதமும் சேர்ந்துகொள்ளும். கொடியேற்றம் முதல் மீன், இறைச்சி கிடையாது. இடைவேளையில் நண்பர்கள் வாங்கித் தரும் தின்பண்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கத்ர் போர்ன் மலையடிவாரக் கோயிலுக்கு வகுப்பு நண்பர்கள், கிறித்துவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கூட, காவடி பார்க்க வருவார்கள். பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. ரமலானில் நோன்பிருக்கும் நண்பனுக்கு எதிரே சாப்பிடாமல் ஒதுங்கிப் போவதும், தீபாவளிப் பலகாரத்தை எல்லா வீட்டுக்கும் கொடுப்பதும், சீனப் புத்தாண்டு விடுமுறைக்காகக் காத்திருப்பதும் யாரும் பாடமாக நடத்தாமலே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. இந்தத் தீவின் பள்ளிகள் நன்றாகச் செய்யும் காரியம் இதுதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பாட்டாகக் கேட்டது பேச்சாக வருவதில்லை. தமிழ் வகுப்பில் பிள்ளை சந்திக்கும் முதல் தடை நாம் நினைப்பது போல 247 எழுத்து இல்லை. எழுத்தைச் சிறு பிள்ளைகள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வினைச்சொல்தான் தடை. கிரியோலில் நான், நீ, அவர்கள் யார் செய்தாலும் வினை மாறாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பிரதிப்பெயர். அப்படிப் பேசி வளர்ந்த பிள்ளையிடம் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று அடுக்கினால், எதற்காக இத்தனை என்று அதற்குப் புரிவதில்லை. கிரியோலில் காலத்தைக் காட்ட வினைக்கு முன்னால் சிறு சொல் வரும், தமிழில் வினைக்குள்ளேயே வரும், அதன் பின்னால் யார் என்பதும் ஒட்டிக்கொள்ளும். இந்த வேறுபாட்டைக் கிரியோல் வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டி விளக்கினால் ஒரு பாடவேளையில் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தன் கிரியோலை எழுதிப் படித்துப் பழக்கமில்லை. தான் பேசுவதற்கு இலக்கணம் இருக்கிறது என்றே அதற்கு யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது தடை, தமிழுக்கே உரியது. புத்தகத்தில் இருப்பது எழுத்துத் தமிழ். தமிழ்நாட்டுப் பிள்ளை அதை வீட்டுப் பேச்சோடு ஒப்பிட்டுக்கொள்ளும். இங்கே வீட்டுப் பேச்சில் தமிழே இல்லை. அதனால் ஆறு ஆண்டுகள் தமிழ் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை, தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் பேசினால் விழிக்கிறது. தேர்வுக்கான தமிழ் ஒன்று, வாழும் தமிழ் இன்னொன்று என்று அதற்குத் தோன்றிவிடுகிறது. உயர்நிலைப் பள்ளியில் அறிவியல், வணிகப் பாடங்களோடு போட்டி வரும்போது தமிழைக் கைவிடுவது பிறகு எளிதாகிவிடுகிறது. கேம்பிரிட்ஜ் தேர்வு வரை தமிழைக் கொண்டுபோகும் மாணவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் மிகச் சிலரே.

நான் சொல்ல வருவது இதுதான்: கிரியோலை ஒதுக்கியதால் தமிழ் காப்பாற்றப்படவில்லை. இரண்டுமே அதனால் மெலிந்தன.

அச்சமும் வழியும்

தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் இதைச் சொன்னால் எழும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். கிரியோல் எல்லாருக்கும் பாடமானால், எளிதான மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் தமிழை விட்டுவிடுவார்கள் என்பது முதல் அச்சம். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லும் இன்றைய ஏற்பாட்டில்தான் அந்த ஆபத்து நிஜமாக இருக்கிறது. கிரியோல் எல்லாருக்கும் தனி நேரத்தில் நடந்தால் தமிழுக்கு எதிரே நிற்க அதற்கு வேலையில்லை. தமிழ்ப் பாடவேளையில் தமிழ் மட்டும் இருக்கும்.

இரண்டாவது அச்சம், ஆங்கிலம் போய்விடும் என்பது. இந்தியப் பெருங்கடலில் எங்கள் அண்டை நாடான செஷல்ஸ், 1982 முதல் தொடக்க வகுப்புகளைத் தன் கிரியோலில் நடத்தத் தொடங்கியது. அங்கே ஆங்கிலம் ஒழிந்துவிடவில்லை. ஒரு மொழியில் நன்றாகப் படிக்கக் கற்ற பிள்ளைக்கு அடுத்த மொழியில் படிப்பது எளிதாகிறது. எழுத்துக் கூட்டுவதும், பத்தியின் கருத்தைப் பிடிப்பதும் மொழிக்கு மொழி புதிதாகக் கற்க வேண்டியவை இல்லை. தமிழ் ஆசிரியருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை, ஏனென்றால் வாசிக்கத் தெரிந்த பிள்ளைதான் அவர் வகுப்புக்கு வரும்.

மூன்றாவதாகச் சொல்லப்படுவது நேரமின்மை. ஏற்கனவே மூன்று மொழிகள், இதில் நான்காவதா என்று கேட்கிறார்கள். ஆனால் கிரியோல் பிள்ளைக்குப் புதிய மொழி இல்லை. அதற்குத் தேவை எழுதவும் படிக்கவும் கொஞ்சம் பயிற்சி, அதுவும் முதல் மூன்று வகுப்புகளில். அந்த மூன்று வகுப்புகளில் பொருத்தமான மொழியைப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டு விதியே இடம் தருகிறது. புதுச் சட்டம் வேண்டியதில்லை, அமைச்சரின் முடிவு போதும். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கையும் அறிவியலையும் கிரியோலில் அச்சிட்டு, ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் மொழிப் பாடங்களாகப் பேச்சிலிருந்து தொடங்கி நடத்தலாம். கணக்கும் அறிவியலும் கிரியோலில் நடந்தாலே கிரியோலில் வாசிப்பும் வந்துவிடும், தனிப் பாடவேளையைக் கூடப் பெரிதாக ஒதுக்க வேண்டியிருக்காது.

தமிழ்ப் பக்கத்தில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பாடநூலில் தொடக்கத்திலிருந்தே பேச்சுத் தமிழுக்கு இடம் வேண்டும். சிங்கப்பூர் பள்ளிகள் பேச்சுத் தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவந்திருக்கின்றன, அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். கிரியோலையும் தமிழையும் ஒப்பிட்டு விளக்கும் ஆசிரியர் கையேடு ஒன்றை மகாத்மா காந்தி நிறுவனமும் கிரியோல் அகாடமியும் சேர்ந்து எழுதலாம். இரண்டு மொழியும் அறிந்தவர்கள் தீவில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், ஏனென்றால் இங்கே தமிழ் கற்பிக்கும் ஒவ்வொருவரும் கிரியோல் பேசி வளர்ந்தவர்கள்தான். அப்படி ஒரு கையேடு வந்தால், தமிழ் படிக்க விரும்பும் கிரியோல் குடும்பத்துப் பிள்ளைக்கும் கதவு திறக்கும். இன்று அந்தப் பிள்ளை தமிழ் வகுப்பில் உட்கார்ந்தால் எதற்கு வந்தாய் என்பது போலப் பார்க்கிறார்கள். காவடி பார்க்கத் தன் நண்பனோடு மலையேறி வந்த பிள்ளை அது.

முதல் அடியை நாடு முழுவதற்கும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. முன்னுரிமைக் கல்வி மண்டலப் பள்ளிகள் சிலவற்றிலும், தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் பள்ளிகள் சிலவற்றிலும் தமிழையும் கிரியோலையும் வெவ்வேறு நேரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். இரு பாடங்களுக்குமான ஆசிரியர்கள் அந்தப் பள்ளிகளில் இப்போதே இருக்கிறார்கள். மாற வேண்டியது கால அட்டவணை. அதைக் கேட்டு அமைச்சகத்துக்கு எழுதும் முதல் மனு ஒரு தமிழ்ச் சங்கத்திடமிருந்து போக வேண்டும் என்பது என் விருப்பம். ரூபாய் நோட்டுக்காகத் தெருவில் இறங்கிய சமூகத்துக்கு அந்த வலு இருக்கிறது.